க்ளிக்குனு கேட்டா பத்தாது, இழுத்துப் பாருங்க: குயிக் கனெக்டர் கழட்டி மாட்டப் பழகுதவங்களுக்கு

வள்ளியூர்ல இருந்து ராதாபுரம் போற வழியில டூவீலர் பட்டறை வச்சிருக்கேன். சாயங்காலம் கடைய சாத்துன பொறவு சுத்துப்பட்டு ஊருல தண்ணி சுத்தம் பண்ணுத ஆர்ஓ மிஷின் சர்வீசும் பாக்கேன், நம்ம பக்கம் நெறைய இடத்துல போர் தண்ணி வாயில வச்சா உப்பு கரிக்கும், அதனால வீட்டுக்கு வீடு ஒரு ஆர்ஓ சுவத்துல தொங்குது. ரெண்டு சோலியிலயும் ஒரே சாமான்தான் திரும்பத் திரும்ப கைக்கு வருது, குயிக் கனெக்டர். பைப்ப உள்ள தள்ளுனா தானா பூட்டிக்கிடும், ஸ்பேனர் வேண்டாம், கம்பி கிளிப்பு வேண்டாம், முறுக்க வேண்டாம். பாக்க ரொம்ப லேசான வேலை, அப்படி லேசா தெரியுததுனாலதான் புதுசா வார பயலுவ யாரும் அத ஒரு வேலையாவே எடுத்துக்கிட மாட்டேங்கானுவ. பட்டறைக்கு புதுசா சேர்ற ஒவ்வொரு தம்பிக்கும் நான் சொல்லிக் கொடுக்கதத்தான் இங்க எழுதுதேன், வீட்டுல சொந்தமா செஞ்சு பாக்க நெனைக்கவங்களுக்கும் இது ஆகும்.

உள்ள என்ன இருக்கு

மொதல்ல ஒரு பழைய கனெக்டர கழட்டி வெயில்ல வச்சு உள்ள நல்லா பாருங்க. ஸ்கிராப்புல கெடக்கத எடுத்து ஹேக்சா பிளேடால நடுவுல அறுத்துப் பாத்தா இன்னும் நல்லது, என் பட்டறையில அப்படி அறுத்த ஒண்ண சேம்பிளுக்குன்னே ஆணியில மாட்டி வச்சிருக்கேன்.

வண்டி பெட்ரோல் லைன்ல வாரதுல உள்ள போற பக்கம் ஒரு வழவழப்பான பைப்பு, அதோட நுனியில இருந்து கொஞ்சம் தள்ளி மோதிரம் போட்ட மாதிரி சுத்தி ஒரு மேடு. வாங்குத பக்கம் ஒரு பிளாஸ்டிக் கூடு. கூட்டுக்கு உள்ள ஆழத்துல ஓரிங், அதாவது கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், அநேகமா ரெண்டு இருக்கும், நடுவுல ஒரு சின்ன வளையம். வாய் பக்கத்துல லாக், ரிடெய்னர்னு புக்குல போட்டிருக்கும், ரெண்டு கால் உள்ள வாக்குல சாஞ்சு நிக்கும். பைப்பு உள்ள போகையில அந்த மேடு ரெண்டு காலையும் வெலக்கிட்டு போகும், மேடு தாண்டுன ஒடனே கால் ரெண்டும் பின்னாடி வந்து விழுந்து பூட்டிக்கிடும். அந்த விழுத சத்தம்தான் க்ளிக்.

இதுல ஒண்ண மட்டும் மனசுல ஏத்திக்கிடுங்க, லாக் வேற ஓரிங் வேற. லாக் புடிக்கும், ஓரிங் அடைக்கும். லாக்கால ஒரு சொட்டு கூட தடுக்க முடியாது, ஓரிங்கால பைப்ப புடிச்சு நிறுத்த முடியாது. ஆனா பைப்பு பாதி உள்ள போயி ஓரிங்குல இறுக்கமா ஒக்காந்துட்டா கைக்கு "ஆங், மாட்டிருச்சு"ங்க மாதிரியே தெரியும், வண்டி ஆஃப்ல இருக்க வரைக்கும் ஒரு பொட்டு ஈரம் கூட வெளிய வராது. பம்பு ஓடி பிரஷர் ஏறுனாத்தான் அது மெதுவா பைப்ப வெளிய தள்ளும். ஆபத்து பூராவும் இந்த எடத்துலதான்.

எவ்வளவு தள்ளும்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். பெட்ரோல் லைன்ல வார பைப்பு நுனிகளோட அளவுக்குன்னே எஸ்ஏஈங்க எஞ்சினியருங்க சங்கம் போட்ட ஜே2044னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல ரொம்ப புழக்கத்துல இருக்க ஒரு சைசு 7.89 எம்எம். அந்த வட்டத்தோட பரப்பு கிட்டத்தட்ட அர சதுர சென்டிமீட்டர். ஒரு பார்னா ஒரு சதுர சென்டிமீட்டர்ல சுமார் ஒரு கிலோ அழுத்தம், லைன்ல 3 பார் பிரஷர் இருந்தா அந்த பைப்ப வெளிய தள்ளுத பலம் சுமார் ஒன்றர கிலோ. ஒன்றர கிலோ தக்காளிய ஒரு பையில போட்டு அந்த பைப்புல வண்டி ஓடுத நேரமெல்லாம் தொங்க விட்டிருக்கோம், கூடவே எஞ்சின் ஆட்டம், நம்ம ரோட்டு ஆட்டம். ஓரிங்கு மட்டும் எத்தன நாளைக்குத் தாங்கும் சொல்லுங்க.

பைக்குல இது எப்ப வந்துச்சு

2020 ஏப்ரல் 1-ல இருந்து நாட்டுல புதுசா விக்கிற வண்டியெல்லாம் பிஎஸ்-6தான், அதாவது புகைய குறைக்க கவர்மெண்டு போட்ட விதிப்படி செஞ்சது. அதுக்கு முன்னால சின்ன பைக்குல பெரும்பாலும் கார்புரேட்டர், டேங்க்குக்கு அடியில பெட்ரோல் டேப், அங்கருந்து ஒரு ரப்பர் டியூப், ரெண்டு கம்பி கிளிப்பு, பெட்ரோல் தன்னால கீழ இறங்கும். அதுல லீக்குன்னா சொட்டு சொட்டா வடியும், டேப்ப மூடுனா நின்னுரும். இப்ப ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்து டேங்க்குக்குள்ளயே பம்பு, அது நெறைய வண்டியில 3 பார் கிட்ட பிரஷர் கொடுக்கும், அதாவது சுமார் 43 பிஎஸ்ஐ. பின் டயருக்கு காத்து அடிக்க போனா 30 சொச்சம்தான் வைக்கச் சொல்லுதோம், அதவிட ஜாஸ்தி பிரஷர்ல பெட்ரோலு உங்க தொடைக்கு அடியில ஒரு விரல் தண்டி பைப்புல நிக்குது. லீக்கானா வடியாது, பூந்தூறலா பீச்சி அடிக்கும். பழைய டியூப் கழட்டுன பழக்கத்துல இதத் தொடக் கூடாது.

கழட்டுதது

எஞ்சின் சூடா இருந்தா ஆறட்டும், சைலன்சர தொட்டா சுடாத அளவுக்கு. காத்தோட்டமான எடத்துல வண்டிய நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காத்தவிட கனம், தரையோட படுத்து ஓடும், அதனால பக்கத்துல அடுப்பு, வெல்டிங், கிரைண்டர், பீடி எதுவும் ஆகாது. ஒரு வாளி மணலு, முடிஞ்சா ஒரு சின்ன பவுடர் சிலிண்டரு கைக்கு எட்டுத தூரத்துல இருக்கணும்.

பொறவு பிரஷர எறக்கணும். இத நெறைய பேரு விட்டுருதாங்க. சாவிய ஆஃப் பண்ணிட்டு டேங்க் கிட்ட இல்லன்னா சீட்டுக்கு அடியில பம்புக்கு போற வயர் கப்ளர கழட்டுங்க, கழட்டிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, லைன்ல மிச்சம் இருக்க பெட்ரோல குடிச்சிட்டு கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். இன்னொரு தடவ செல்ஃப ரெண்டு மூணு செகண்டு அடிச்சுப் பாருங்க, எடுக்கலன்னா பிரஷர் எறங்கிருச்சு. இப்ப சாவிய ஆஃப் பண்ணி எடுத்துட்டு பேட்டரி மைனஸ் வயர கழட்டுங்க. வரிசை மாறக் கூடாது, மொதல்லயே பேட்டரிய கழட்டுனா பிரஷர எறக்க வழியில்ல. டேங்க் மூடியையும் ஒரு தடவ தொறந்து மூடிருங்க, வெயில்ல நின்ன வண்டின்னா டேங்க்குல ஆவி ஏறி நிக்கும்.

பைக்குல கனெக்டரு அநேகமா டேங்க்குக்கு அடி வயித்துல இருக்கும், டேங்க்க பின்பக்கம் தூக்குனாத்தான் கை போகும். ரெண்டு ஆளு வேணும், ஒருத்தர் தூக்கிப் புடிக்கணும் இன்னொருத்தர் கழட்டணும். ஒத்த ஆளா டேங்க்க தூக்கி தோளுல சாச்சுக்கிட்டு வேல பாத்தா ஹோஸு இழுபடும், ஹோஸு மாட்டியிருக்க பக்கமே கூட்டுல விரிசல் வரும், அது வெளிய தெரியவும் செய்யாது.

கனெக்டர தொடுததுக்கு முன்னால சுத்தி இருக்க மண்ண எடுங்க. திசையன்வெளை, குட்டம் பக்கத்து வண்டின்னா இத ரெண்டு மடங்கு நல்லா செய்யணும். அந்த தேரி செம்மணலு மாவு மாதிரி, லாக்கோட காலு இடுக்குல போயி ஒக்காந்துக்கிட்டு அசைய விடாது, பைப்ப இழுக்கையில ஓரிங்கோட சேந்து உரசி பைப்புல கோடு போட்டுரும். பெயிண்டு பிரஷ் ஒண்ணு தனியா வச்சு மொதல்ல தட்டி எடுத்துட்டு, அதுக்கு மேல கம்பிரசர் காத்த லேசா விடுங்க.

இப்ப ஒரு மார்க்கர் பேனாவால, கூட்டு வாய்க்கு வெளிய பைப்பு எந்த எடத்துல தெரியுதோ அங்க ஒரு கோடு போட்டுக்கிடுங்க. மாட்டையில இந்த கோடுதான் சாட்சி. ஏன்னு கீழ சொல்லுதேன்.

அடியில பழந்துணிய சுத்தி வச்சுக்கிட்டு, கண்ணாடியும் போட்டுக்கிட்டு, இந்த வரிசையில போங்க. வேற கலர்ல ரெண்டாவது லாக்கு ஒண்ணு இருந்தா அத மொதல்ல நகத்துங்க. பொறவு கனெக்டர இழுக்காம, இன்னும் உள்ள வாக்குல தள்ளுங்க. எல்லாரும் எடுத்த எடுப்புல இழுக்காங்க, இழுக்க இழுக்க அந்த மேடு லாக்கோட காலப் போட்டு நெருக்கும், கால் இன்னும் அழுந்திப் புடிக்கும், அந்த சாமானு செஞ்சிருக்கதே அப்படித்தான். உள்ள தள்ளுனா மேடு காலை விட்டு விலகும், கால் சும்மா நிக்கும், அப்ப லாக்குல விரல் வச்சு அமுக்குததுக்குன்னு இருக்க ரெண்டு காதையும் ரெண்டு விரலால அமுக்குனா பூ மாதிரி விரியும். அமுக்கிப் புடிச்ச மேனிக்கு நேரா இழுங்க. தள்ளு, அமுக்கு, இழு. இந்த மூணும் ஒழுங்கா வந்துட்டா உங்களுக்கு பாதி வேல வந்துருச்சு.

வரலன்னா குறடு எடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்கேன். 2020 கடைசியில எனக்கு வந்த ரெண்டாவதோ மூணாவதோ பிஎஸ்-6 வண்டியில காது அமுங்கலன்னு நோஸ் பிளையர போட்டு நெருக்குனேன், ஒரு காது ஒடிஞ்சு கையோட வந்துருச்சு. அந்த வண்டிக்கு லாக்கு தனியா கெடைக்கல, முழு ஹோஸும் ஆர்டர் போட்டு நாலு நாளு வண்டி பட்டறையிலயே நின்னுச்சு, வண்டிக்காரரு பால் ஊத்துதவரு, அந்த நாலு நாளும் என் வண்டிய கொடுத்து அனுப்பினேன். அமுங்காததுக்கு காரணம் உள்ள மணலு, அவ்வளவுதான். பைப்ப உள்ள வெளிய கொஞ்சம் ஆட்டி, கூட்ட கையால லேசா இடம் வலம் திருப்பி, மறுபடியும் காத்து அடிச்சிருந்தா வந்திருக்கும். பொறுமையா இருந்தா கையாலயே வந்துரும்.

கழண்ட ஒடனே ரெண்டு வாயையும் சுத்தமான பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால கட்டுங்க. நம்ம காத்துல அஞ்சு நிமிஷம் தொறந்து கெடந்தா போதும், உள்ள மண்ணு போகும், அது நேரா எஞ்சினுக்கு பெட்ரோல பீச்சுத இன்ஜெக்டருக்குத்தான் போய்ச் சேரும்.

பாக்க வேண்டியது

பைப்பு நுனிய வெளிச்சத்துல உருட்டிப் பாருங்க. நகத்துக்கு தட்டுப்படுத மாதிரி நீளவாக்குல கோடு இருந்தா புது ஓரிங்கு போட்டாலும் அது வழியா கசியும். இரும்பு பைப்புன்னா துரு. உவரி, கூடுதாழை மாதிரி கடக்கரை ஊரு வண்டியில இத கண்டிப்பா பாக்கணும், உப்புக் காத்து அந்த மேட்டுக்குப் பின்னாலதான் மொதல்ல புடிக்கும். துருவ உப்புத்தாளு போட்டு தேய்க்கப் போகாதீங்க, தேச்சா கோடுதான் ஜாஸ்தியாகும். பைப்ப மாத்தணும்.

ஓரிங்கு ரெண்டும் உள்ள இருக்கான்னு எண்ணுங்க. சில நேரம் ஒண்ணு பைப்போட ஒட்டிக்கிட்டு வெளிய வந்து துணியில விழுந்து கெடக்கும், தெரியாம துணிய ஒதறிருவாங்க. தட்டையாகியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, தொட்டா ஊறுன மாதிரி கொழகொழன்னு இருந்தாலோ அது ஆகாது.

லாக்க வளைச்சுப் பாத்து, வெள்ளக் கோடு விழுந்திருந்தா அடுத்த தடவ ஒடியப் போகுதுன்னு அர்த்தம். சில கம்பெனி புக்குல ஒவ்வொரு தடவ கழட்டும்போதும் லாக்கு புதுசு போடணும்னே போட்டிருக்கும், அப்படி இருந்தா காசப் பாக்காம போடுங்க. பழசையும் கையோட எடுத்துட்டுப் போயி அதே அளவு, அதே கலருதான் வாங்கணும், பாக்க ஒண்ணு போல இருக்கும் உள்ள காலோட நீளம் மாறும்.

மாட்டுதது

பைப்பு நுனிய பஞ்சு ஒட்டாத துணியால தொடச்சு, சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு தடவுங்க, ஒரே ஒரு சொட்டு. ஓரிங்கு மடங்காம வழுக்கிட்டு போறதுக்குத்தான் அது. கிரீஸு வைக்கக் கூடாது. பைப்பும் கூடும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், சாச்சு குத்துனா ஓரிங்கு பொரண்டுக்கும். நேரா புடிச்சு, நிறுத்தாம ஒரே தள்ளா தள்ளுங்க.

க்ளிக்குனு கேக்கும். எல்லா புக்கும் இத்தோட நிறுத்திக்கிடுது, "சத்தம் கேக்கும் வரை தள்ளவும்"னு. நம்ம ஊருக்கு அது பத்தாதுங்கேன். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில அடிக்கிற காத்து எப்படின்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும், கரண்டு எடுக்குத காத்தாடியெல்லாம் சும்மாவா நட்டு வச்சிருக்காங்க. பட்டறை தகரம் கடகடன்னு அடிச்சுக்கிட்டு இருக்கும், பக்கத்துல லேத்து ஓடும், அந்த எரச்சல்ல உங்களுக்கு கேட்ட க்ளிக்கு லாக்கோடதா, பிளாஸ்டிக்கு பிளாஸ்டிக்குல மோதுனதான்னு எப்படிச் சொல்லுவீங்க?

போன வருஷம் ஒரு ஆடி மாசம் எங்கிட்ட வேல பாக்க தம்பி ஒரு 125 சிசி வண்டியில டேங்க்க மாட்டிட்டு வந்தான்.

"மாட்டிட்டேன் அண்ணாச்சி."

"இழுத்துப் பாத்தியாலே?"

"க்ளிக்குனு கேட்டுச்சு அண்ணாச்சி."

"கேட்டுச்சு சரி. இழுத்துப் பாத்தியான்னு கேக்கேன்."

திரும்ப டேங்க்க தூக்கச் சொல்லி நான் இழுத்தேன், அலுங்காம கையோட வந்துருச்சு. அந்த வண்டிய எடுத்துட்டுப் போகவேண்டியவரு வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்காரு, கூட அவரு வீட்டம்மா, மடியில கைப்புள்ள. தம்பி மொகம் செத்துப் போச்சு, நான் திட்டல, அந்தப் புள்ளைய மட்டும் காட்டுனேன். அதுல இருந்து எங்க பட்டறையில மூணு சோதனை இல்லாம எந்த வண்டியும் வெளிய போறதில்ல.

மொத சோதனை கையி. லாக்க தொடாம, கூட்ட மட்டும் புடிச்சு பின்னாடி இழுக்கணும், பைய இல்ல, நல்லா அழுத்தமா. ஒரு எம்எம் ரெண்டு எம்எம் ஆடும், அது சரி, அதுக்கு மேல வரக் கூடாது. ரெண்டாவது கண்ணு. கழட்டும்போது போட்ட மார்க்கர் கோடு கூட்டு வாய்க்கு பழைய எடத்துக்கே வந்துருச்சான்னு பாக்கணும், லாக்கோட ரெண்டு காலும் மேட்டுக்குப் பின்னால விழுந்திருக்கான்னு டார்ச்சு அடிச்சுப் பாக்கணும், கை போகாத எடம்னா போன்ல ஒரு போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க. ரெண்டாவது லாக்கு இருந்தா அது சொகமா நகந்து பூட்டும். மொத லாக்கு சரியா விழலன்னா ரெண்டாவது நகராது, அதுக்குத்தான் அத வச்சிருக்கதே. நகரலன்னு அடிச்சு ஏத்துனா காவக்காரனையே கட்டிப்போட்டாப்புல ஆயிரும். மூணாவது பிரஷர். டேங்க்க முழுசா முடுக்குததுக்கு முன்னால பம்பு கப்ளர மாட்டி, பேட்டரிய கொடுத்து, சாவிய ஆன் பண்ணுங்க, பம்பு ரெண்டு மூணு செகண்டு ஊயிங்னு ஓடி நிக்கும். ஆஃப் பண்ணி மறுபடியும் ஆன். இப்படி மூணு நாலு தடவ. லைன்ல முழு பிரஷர் ஏறிரும். இப்ப கனெக்டர சுத்தி ஒரு வெள்ள டிஷ்யூவ ஒத்தி எடுங்க, ஈரம் இருந்தா தெரியும், மூக்கும் சொல்லும். சுத்தமா இருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, திரும்ப ஒத்திப் பாருங்க.

கசிஞ்சா எங்க பாக்கணும்? பைப்பு போற வாய்ல ஈரம்னா ஓரிங்கு, இல்லன்னா பைப்புல கோடு. பைப்பே வெளிய நகந்து வந்தா லாக்கு. நைலான் டியூப கூட்டுல ஏத்தி நிரந்தரமா மாட்டியிருக்க பக்கம் ஈரம்னா அத கிளிப்பு போட்டு முறுக்கியோ, லைட்டர்ல சூடு காட்டி திரும்ப ஏத்தியோ ஒண்ணும் ஆகாது, ஹோஸ மாத்தியே ஆகணும். எம்சீல், ஃபெவிக்விக் எதுவும் பெட்ரோல் லைனுக்கு கிட்ட வரக் கூடாது.

கார் பக்கம்

கார்ல கூலண்ட் ஹோஸுல வாரது கம்பி லாக்கு, குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி, அத ஸ்க்ரூ டிரைவரால லேசா மேல எழுப்புனா ஒரு படியில நின்னுக்கும், ஹோஸ் வந்துரும், மாட்டும்போது கம்பிய கீழ அமுக்கி வச்சுட்டுத் தள்ளணும். எஞ்சின் சூட்டுல தொடவே தொடாதீங்க, கூலண்டு கொதிநிலையில பிரஷரோட நிக்கும். காமன் ரெயில் டீசல் வண்டியில இன்ஜெக்டர் தலையில சின்னதா க்ளிக் கனெக்டரு வாரது மிச்ச டீசல் திரும்பிப் போற ரிட்டர்ன் லைனு மட்டும்தான். பக்கத்துலயே நட்டு போட்டு நிக்கிற இரும்பு பைப்புல பிரஷரு ஆயிரம் பாருக்கும் மேல போகும், எஞ்சின் ஓடையில லீக்க விரலால தடவிப் பாத்தா டீசல் தோல ஓட்ட போட்டு உள்ள எறங்கிரும், வெளிய ஊசி குத்துன மாதிரிதான் தெரியும், ஆனா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகலன்னா விரலே போகும். புதுசா பழகுதவங்க அந்த பக்கம் போக வேண்டாம்.

வீட்டு ஆர்ஓ

ஆர்ஓவுல வார கனெக்டருக்கு மேடு கெடையாது. கால் இஞ்சு வெள்ள டியூபு, வெறும் வழவழ டியூபு, கூட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் வளையம், அதுல பொடிப்பொடியா பல்லு. டியூப உள்ள விட்டா பல்லு அத கவ்வும், இழுத்தா இன்னும் ஆழமா கவ்வும். ஆழத்துல ஓரிங்கு. பைக்குக்கு சொன்ன அதே கததான், பல்லு புடிக்கும், ஓரிங்கு அடைக்கும். இதுல க்ளிக் சத்தமே வராது, அதனால காத நம்புத பேச்சுக்கே எடமில்ல.

கழட்ட, மிஷின் கரண்ட ஆஃப் பண்ணி, தண்ணி வார வால்வ மூடி, குடிக்கிற டேப்ப தொறந்து விட்டுருங்க. பூஸ்டர் பம்பு ஓடையில உப்ப வடிகட்டுத மெம்பிரேனுக்கு போற லைன்ல 60 பிஎஸ்ஐக்கு மேலயே நிக்கும், அது எறங்கட்டும். நீல கலரோ செவப்பு கலரோ சின்ன லாக் கிளிப்பு இருந்தா அத உருவி சட்டப் பையில போடுங்க, கீழ வச்சா காணாமப் போகும். டியூப மொதல்ல உள்ள தள்ளுங்க, பொறவு அந்த வளையத்த ரெண்டு பக்கமும் சமமா கூட்டோட சேத்து அமுக்கி, அமுக்கின மேனிக்கு டியூப இழுங்க. ஒரு பக்கமா அமுக்குனா எதிர்ப்பக்க பல்லு விடாது.

மாட்டுததுல நூத்துக்கு தொண்ணூறு லீக்கும் டியூப வெட்டுததுலதான் வருதுன்னு என் அனுபவத்துல சொல்லுவேன். கத்திரிக்கோலு, கட்டிங் பிளேயரு வச்சு வெட்டுனா நுனி நசுங்கி முட்ட மாதிரி ஆயிரும், சாஞ்ச வெட்டாவும் இருக்கும், ஓரிங்கு ஒரு பக்கம் தொடும் ஒரு பக்கம் தொடாது. டியூப் கட்டரு ஒண்ணு வாங்கி வைங்க, இல்லன்னா புது பிளேடால ஒரு பலகையில வச்சு நேரா ஒரே வெட்டு. பழைய டியூப திரும்ப மாட்டுனா பல்லு கடிச்ச எடம் வரைக்கும் ஒன்றர ரெண்டு சென்டிமீட்டர் வெட்டி எறிஞ்சுட்டு புது நுனிய விடணும், அந்த பல்லுத் தடம் வழியா தண்ணி வெளிய வந்துரும்.

உள்ள எவ்வளவு போகணும்? காலி கனெக்டரு ஒண்ணுல டியூப முட்டுத வரைக்கும் விட்டு வெளிய மார்க்கரால கோடு போட்டு எடுத்துக்கிடுங்க, அந்த அளவ எல்லா நுனிக்கும் வச்சு கோடு போடுங்க. தள்ளும்போது கைக்கு ரெண்டு எடம் தட்டும். மொத தட்டு ஓரிங்கு, அங்கதான் எல்லாரும் நிறுத்திருதாங்க. தண்ணியில நுனிய நனச்சுக்கிட்டு இன்னும் அழுத்துனா ஒரு வழுக்கு வழுக்கி அடியில போயி முட்டும், கோடு வாய்க்கு வந்துரும். அப்ப இழுத்துப் பாருங்க, வளையம் டியூபோட லேசா வெளிய வரும், அந்த இடைவெளியிலதான் லாக் கிளிப்ப சொருகணும். தேங்கெண்ணெ, வாசலின் எதுவும் தடவக் கூடாது, குடிக்கிற தண்ணி போற வழி, ஓரிங்கும் ஊறிரும்.

டியூபு கூட்டுல இருந்து வெளிய வந்த ஒடனே மடங்கக் கூடாது, கொஞ்ச தூரம் நேரா வந்து பொறவு வளையணும். அடுக்களையில எடமில்லன்னு மிஷின சுவத்தோட ஒட்டி மாட்டுதாங்க, டியூபு பக்கவாட்டுல இழுபட்டு ஓரிங்கு ஒரு பக்கம் வாய் தொறந்துக்கும். அந்த மாதிரி எடத்துக்கு முழங்கை மாதிரி வளைஞ்ச எல்போ கனெக்டர் போடுங்க, விலை ரொம்ப இல்ல. வெளிய ஜன்னலு வழியா டியூபு போனா வெயில் படாம மறைங்க, வெயில் தின்ன டியூபு வெறச்சுப் போயி பல்லு பட்ட எடத்துலயே விண்டுரும்.

சாமான் வாங்கும்போது

ஓரிங்குன்னா எல்லாம் கருப்பு வளையந்தானேன்னு நெனைக்கக் கூடாது. பெட்ரோலுக்கு வைட்டான்ங்க ரப்பரு நல்லது. தண்ணிக்கும் கூலண்டுக்கும் ஈபிடிஎம்ங்க ரப்பரு. ஈபிடிஎம் ஓரிங்க பெட்ரோல் லைன்ல போட்டா ஊறி உப்பிரும், சந்தேகம்னா ஒண்ண பெட்ரோல்ல ஒரு நாள் போட்டு வச்சு பக்கத்துல புதுசு ஒண்ண வச்சுப் பாருங்க. இப்ப பங்க்குல வாரது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலு, எத்தனாலுக்கு ஒத்துவராத ரப்பரு எதுவும் நாள் பட நிக்காது. அதனால டப்பாவுல மொத்தமா கெடக்க ஓரிங்க சைசு மட்டும் பாத்து எடுக்காம, பெட்ரோலுக்குன்னு சொல்லிக் கேட்டு கவர்ல பேரு போட்டத வாங்குங்க. ஆர்ஓவுக்கு வாங்குனதையும் வண்டிக்கு வாங்குனதையும் ஒரே டப்பாவுல போடாதீங்க. நான் ரெண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல பேரு எழுதி தனித்தனியா வச்சிருக்கேன்.

வேல முடிஞ்ச பொறவும் ஒரு ராத்திரி பாக்கணும். ஆர்ஓவுக்கு அடியில ஒரு பழைய தினத்தந்தி பேப்பர விரிச்சுட்டு வந்துருவேன், வீட்டு ஆச்சிகிட்ட "காலையில பேப்பர்ல ஈரம் இருந்தா போன் போடுங்க"ன்னு சொல்லிட்டு. பகல்ல கசியாதது ராத்திரி லைன் பிரஷர் ஏறும்போது ஒரு சொட்டு விடும். நம்ம உப்புத் தண்ணிக்கு இதுல ஒரு சௌகரியம் இருக்கு, ஈரம் காஞ்சு போனாலும் கனெக்டர் வாயச் சுத்தி வெள்ளையா உப்பு பூத்து நிக்கும், எந்த எடம்னு தேட வேண்டியதில்ல. வண்டின்னா காலையில மூடிக் கெடந்த ஷெட்டு கதவத் தொறந்த ஒடனே, லைட்டு சுவிட்ச தொடுததுக்கு முன்னால, குனிஞ்சு மோந்து பாருங்க. வாசம் வந்தா சுவிட்ச தொடாம கதவ விரியத் தொறந்து விட்டுட்டு வெளிய வந்து நில்லுங்க, வண்டிய உருட்டி வெளிய எடுத்து, தள்ளு, அமுக்கு, இழுல இருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான்.